அப்பா அம்மாவுக்கு மெடிகேர் எடுக்கணுமா, முதல்ல கிரீன் கார்டுல அஞ்சு வருஷம் முடியற தேதியைக் குறிச்சு வெச்சுக்கோங்க

எங்க அப்பா அம்மா கிரீன் கார்டுல அமெரிக்கா வந்து அஞ்சாவது வருஷம் ஓடிட்டு இருந்தப்போதான் நான் மெடிகேர் பத்தி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். அதுவரைக்கும் என் மனசுல இருந்தது என்னன்னா, நான் இங்க இத்தனை வருஷமா டாக்ஸ் கட்டறேன், ஒவ்வொரு சம்பளத்துலயும் மெடிகேர்னு 1.45 சதவீதம் பிடிக்கிறாங்க, அப்போ அவங்களுக்கு 65 வயசு தாண்டிடுச்சுன்னா தானா கிடைச்சிடும்ங்கறதுதான். கிடைக்காது. பிள்ளைங்க கட்டற டாக்ஸ் பெத்தவங்க கணக்குல ஒரு பைசா கூட சேராது. இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்னு எனக்கு இன்னைக்கும் தோணுது, அதனாலதான் இவ்வளவு விவரமா எழுதறேன். இதுல வர்ற டாலர் கணக்கெல்லாம் 2026க்கானது, வருஷா வருஷம் மாறும்.

முதல் வேலை: யாரோட கணக்குல வர்றாங்கன்னு பாருங்க

மெடிகேர்ங்கறது 1965ல வந்த திட்டம், 65 வயசு ஆனவங்களுக்கும், சில வகை உடல் குறைபாடு, கிட்னி ஃபெயிலியர் இருக்கறவங்களுக்கும் மத்திய அரசு குடுக்கற இன்ஷூரன்ஸ். இதுல பார்ட் ஏ ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகறதுக்கு, பார்ட் பி டாக்டர், டெஸ்ட், ஸ்கேன், அட்மிட் ஆகாம நடக்கற சிகிச்சைக்கு, பார்ட் டி மாத்திரை மருந்துக்கு. பார்ட் சின்னு சொல்றது இதையெல்லாம் ஒரு தனியார் கம்பெனி சேர்த்துக் குடுக்கறது, அதுதான் டிவியில எல்லாம் விளம்பரம் வர்ற மெடிகேர் அட்வான்டேஜ்.

பார்ட் ஏ இலவசமா வேணும்னா 40 கிரெடிட் வேணும், அதாவது சுமார் பத்து வருஷம் அமெரிக்காவுல சோசியல் செக்யூரிட்டி (அரசு பென்ஷன் திட்டம்) டாக்ஸ் கட்டி வேலை பார்த்திருக்கணும். அவங்களே வேலை பார்த்திருக்கலாம், இல்ல அவங்க கணவரோ மனைவியோ பார்த்திருக்கலாம், அவ்வளவுதான். மகன், மகள், மருமகன் யாரும் கணக்குல வரமாட்டாங்க. ஊர்ல ரயில்வேயிலயோ மின்வாரியத்துலயோ முப்பது வருஷம் சர்வீஸ் போட்டிருந்தாலும் அதுவும் சேராது, ஏன்னா இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவுல அந்த மாதிரி சோசியல் செக்யூரிட்டி ஒப்பந்தமே கிடையாது.

ஹெச்-1பி வேலை விசாவுல வந்து, கிரீன் கார்டோ சிட்டிசன்ஷிப்போ வாங்கி இங்கயே வயசானவங்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்ல, கிரெடிட் எப்பவோ சேர்ந்திருக்கும், ஆனா படிக்க வந்து ஓபிடில (மாணவர் விசாவுலயே கொஞ்ச காலம் வேலை பார்க்க விடற அனுமதி) வேலை பார்த்த காலத்துக்கு பெரும்பாலும் அந்த டாக்ஸ் பிடிக்கறதில்ல, அதனால அந்த மாசங்களைக் கணக்குல சேர்த்துக்காதீங்க, சோசியல் செக்யூரிட்டி வெப்சைட்ல அக்கவுன்ட் ஓபன் பண்ணி எத்தனை கிரெடிட் இருக்குன்னு பார்த்துடுங்க. வேலைக்கே போகாத மனைவிக்கு கணவரோட 40 கிரெடிட்ல இலவச பார்ட் ஏ உண்டு, கல்யாணம் ஆகி ஒரு வருஷமாவது ஆகியிருக்கணும், கணவருக்கு 62 வயசு ஆகியிருக்கணும். மனைவி வயசுல மூத்தவங்களா இருந்து அவங்களுக்கு 65 ஆகும்போது கணவருக்கு 60தான்னா ரெண்டு வருஷம் காத்திருக்கணும், அதுவரைக்கும் பார்ட் பி மட்டும் எடுத்துக்கலாம்.

கிரெடிட்டே இல்லாத அப்பா அம்மாவுக்கு வழியே இல்லையான்னா, இருக்கு. 65 வயசு ஆகி, கிரீன் கார்டு இருந்து, விடாம அஞ்சு வருஷம் இங்க வாழ்ந்திருந்தா காசு கட்டி சேரலாம். விசிட்டர் விசாவுல வந்து போறவங்களுக்கு மெடிகேர் கிடையாது, எத்தனை தடவை வந்தாலும் அந்த நாள் எதுவும் சேராது, அவங்களுக்கு விசிட்டர் இன்ஷூரன்ஸ்தான்.

"விடாம"ங்கற வார்த்தையை லேசா எடுத்துக்காதீங்க. ஊருக்குப் போய் ரெண்டு மாசம் இருந்துட்டு வந்தா ஒண்ணும் இல்ல, ஆனா ஆறு மாசத்துக்கு மேல தங்கிட்டா இவங்க உண்மையிலயே இங்கதான் வாழ்ந்தாங்களான்னு கேள்வி வரும். அதனால ஒவ்வொரு தடவை ஊருக்குப் போய் வந்த தேதியையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. பாஸ்போர்ட்ல முத்திரையைத் தேடித் தேடி எண்ணறது பெரிய வேலை, நான் ஒரு சனிக்கிழமை முழுக்க அதைத்தான் பண்ணேன்.

அந்த அஞ்சு வருஷம் எப்படி ஓட்டறது

இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. கிரீன் கார்டோட வந்து இறங்கின உடனே 60 நாளுக்குள்ள மார்க்கெட்பிளேஸ்ல, அதாவது ஒபாமாகேர்னு சொல்ற அரசு இன்ஷூரன்ஸ் சந்தையில, பிளான் எடுக்கலாம், வயசு 65க்கு மேல இருந்தாலும் இலவச பார்ட் ஏ கிடைக்காதவங்கன்னா தடையில்ல. வருமானத்தைப் பொறுத்து பிரீமியத்துக்கு டாக்ஸ் கிரெடிட்னு அரசு உதவி உண்டு, ஆனா 2026லேர்ந்து ரூல் இறுகிடுச்சு, கிரீன் கார்டுக்கு வந்து அஞ்சு வருஷம் ஆகாதவங்களோட குடும்ப வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழ இருந்தா முன்னாடி கிடைச்ச உதவி இப்போ கிடையாது. நம்ம ஆபீஸ் இன்ஷூரன்ஸ்ல அப்பா அம்மாவை சேர்க்க பெரும்பாலான கம்பெனி விடறதில்ல, கேட்டுப் பார்க்கறதுல தப்பில்ல.

அப்பா அம்மா அறுபது வயசுக்கு முன்னாடியே வந்துட்டாங்க, உடம்பு தெம்பா இருக்கு, அவங்களுக்கும் வேலைக்குப் போக ஆசைன்னா இன்னொண்ணும் யோசிங்க. 2026ல 1,890 டாலர் சம்பாதிச்சா ஒரு கிரெடிட், வருஷத்துக்கு அதிகபட்சம் நாலு, அதாவது வருஷத்துல 7,560 டாலர் முறைப்படி டாக்ஸ் கட்டின வருமானம் இருந்தா போதும். கடையிலயோ டே கேர்லயோ பகுதி நேர வேலையிலயே அது வந்துடும். அப்பா பத்து வருஷம் இப்படி வேலை பார்த்தா அவருக்கும் இலவச பார்ட் ஏ, அவரோட கணக்குல அம்மாவுக்கும் இலவசம். 30 கிரெடிட் வந்தாலே கட்டற காசு கிட்டத்தட்ட பாதியா குறையும். கையில காசு வாங்கற வேலையில கிரெடிட் சேராது.

அந்த ஏழு மாசம்

இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணு படிக்க டைம் இருக்குன்னா இதைப் படிங்க. முதல் தடவை சேர்றதுக்கு ஏழு மாசம் குடுக்கறாங்க: 65 ஆகற மாசம், அதுக்கு முன்னாடி மூணு, பின்னாடி மூணு. வயசு ஏற்கனவே 65 தாண்டி வந்த கிரீன் கார்டு அப்பா அம்மாவுக்கு இந்த ஏழு மாசம் பிறந்தநாளை வெச்சு வராது, அஞ்சு வருஷம் முடியற மாசத்தை வெச்சு வரும். பிறந்தநாள் ஒண்ணாம் தேதியா இருந்தா முந்தின மாசமே 65 ஆன மாதிரி கணக்கு, அதையும் பார்த்துக்கோங்க. முன்னாடி இருக்கற மூணு மாசத்துலயே அப்ளை பண்ணிட்டா தகுதி வர்ற மாசம் ஒண்ணாம் தேதிலேர்ந்தே கவரேஜ் இருக்கும், அதுக்கப்புறம் பண்ணா அடுத்த மாசம் ஒண்ணாம் தேதிலேர்ந்துதான்.

இதை விட்டுட்டா அடுத்த வாய்ப்பு வருஷா வருஷம் ஜனவரி 1லேர்ந்து மார்ச் 31 வரைக்கும்தான், கூடவே பெனால்டி. பார்ட் பிக்கு முழுசா 12 மாசம் தாமதம் ஆனா 10 சதவீதம், ரெண்டு வருஷம்னா 20 சதவீதம், அதாவது இப்போதைய கணக்குல மாசம் 40 டாலருக்கு மேல கூட, அதை ஒரு தடவை கட்டிட்டு முடிக்க முடியாது, பார்ட் பி இருக்கற வரைக்கும் ஆயுசு முழுக்கக் கட்டணும். பார்ட் டிக்கும் அதே மாதிரி மாசத்துக்கு 1 சதவீதம்னு ஏறும், 63 நாள் வேற நல்ல மருந்துக் கவரேஜ் இல்லாம இருந்தாலே கணக்கு ஆரம்பிச்சிடும். மாத்திரையே சாப்பிடல, எதுக்கு பார்ட் டின்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது, இருக்கறதுலயே குறைஞ்ச பிளானையாவது எடுத்துப் போட்டுடுங்க.

பெனால்டி இல்லாம தள்ளிப் போட ஒரு வழி உண்டு. அவங்களோ அவங்க கணவன் மனைவியோ இப்போ வேலையில இருந்து, அந்த வேலை மூலமா இன்ஷூரன்ஸ் இருந்தா, வேலையோ இன்ஷூரன்ஸோ முடிஞ்ச எட்டு மாசத்துக்குள்ள பார்ட் பில சேரலாம். ஆனா இருபது பேருக்குக் குறைவா வேலை பார்க்கற கம்பெனின்னா பொதுவா மெடிகேர்தான் முதல்ல காசு குடுக்கணும், நீங்க சேரலன்னா அந்தப் பங்கு உங்க தலையில விழும், அதனால ஹெச்ஆர்ல எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. கோப்ரா (வேலையை விட்ட அப்புறமும் பழைய ஆபீஸ் இன்ஷூரன்ஸை சொந்தக் காசுல தொடர்றது), மார்க்கெட்பிளேஸ், விசிட்டர் இன்ஷூரன்ஸ் இது எதுவும் பெனால்டியிலேர்ந்து காப்பாத்தாது. வேலையை விட்டுட்டு 18 மாசம் கோப்ரா இருக்கேன்னு நிம்மதியா உக்காந்துட்டு எட்டு மாசத்தை விட்டவங்க இருக்காங்க.

எச்எஸ்ஏல, அதாவது மருத்துவச் செலவுக்குன்னு டாக்ஸ் இல்லாம சேமிக்கற கணக்குல, பணம் போடறவங்க இன்னொரு விஷயம் கவனிக்கணும். 65க்கு அப்புறம் தாமதமா சேர்ந்தா பார்ட் ஏ ஆறு மாசம் வரைக்கும் பின்தேதியில ஆரம்பிக்கும், அதனால சேர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடியே எச்எஸ்ஏக்குப் பணம் போடறதை நிறுத்திடுங்க.

அப்ளை பண்றது எப்படி

மெடிகேருக்கு அப்ளை பண்றது மெடிகேர் ஆபீஸ்ல இல்ல, சோசியல் செக்யூரிட்டி ஆபீஸ்ல. ஏற்கனவே சோசியல் செக்யூரிட்டி பணம் வாங்கிட்டு இருக்கறவங்களுக்கு 65ல தானாவே கார்டு வந்துடும், மத்தவங்க கேட்டுத்தான் வாங்கணும். இப்போ முழு ரிட்டயர்மென்ட் வயசு 67 ஆயிட்டதால நிறைய பேர் 65ல அந்தப் பணம் வாங்கறதில்ல, அவங்கதான் மறந்துடறாங்க.

கிரெடிட் இருக்கறவங்க ஆன்லைன்லயே முடிச்சிடலாம். அஞ்சு வருஷ கணக்குல வர்ற அப்பா அம்மாவுக்கு நேர்ல போறதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன், 1-800-772-1213க்கு கூப்பிட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கோங்க. கிரீன் கார்டு, பாஸ்போர்ட் பழசு புதுசு எல்லாம், பிறந்த தேதிக்கு சான்று, கல்யாண சர்டிபிகேட், இங்க வாழ்ந்ததுக்கு ஆதாரமா பேங்க் ஸ்டேட்மென்ட், டாக்ஸ் ரிட்டர்ன், டாக்டர் பில் இதெல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. பாஸ்போர்ட்ல அப்பா பேர் பின்னாடி வந்து கிரீன் கார்டுல முன்னாடி வந்து, இனிஷியல் ஒண்ணுல விரிஞ்சும் ஒண்ணுல சுருங்கியும் இருக்கும், நம்ம ஊர்க்காரங்க எல்லாருக்கும் இருக்கற தலைவலி இது, பேர் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கான்னு ஆறு மாசம் முன்னாடியே பார்த்து சரி பண்ணிடுங்க. அம்மா தமிழ்லதான் பேசுவாங்கன்னா இலவசமா மொழிபெயர்ப்பாளர் குடுப்பாங்க, கேட்கத் தயங்காதீங்க. குடுத்த பேப்பர் எல்லாத்துக்கும் காப்பி வெச்சுக்கோங்க, தேதியோட.

காசு எவ்வளவு ஆகும்

பார்ட் பி ஒருத்தருக்கு மாசம் 202.90 டாலர். 2024ல தனி ஆள் வருமானம் 109,000, ஜோடியா டாக்ஸ் போட்டா 218,000 டாலர் இதுக்கு மேல போயிருந்தா இன்னும் ஜாஸ்தி, ரெண்டு வருஷம் பின்னாடி டாக்ஸ் ரிட்டர்னைப் பார்ப்பாங்க. ரிட்டயர் ஆகி வருமானம் குறைஞ்சிட்டா அதைச் சொல்லி குறைக்கச் சொல்லலாம். சோசியல் செக்யூரிட்டி பணம் வாங்காதவங்களுக்கு பார்ட் பி மட்டும்னா பில் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரும், பார்ட் ஏயும் காசு கட்டி வாங்கினா மாசா மாசம் வரும், ஊருக்குப் போயிருக்கும்போது அந்தக் கவர் வீட்டுல பிரிக்காம கிடந்து கவரேஜ் போயிடக்கூடாது, பேங்க்லேர்ந்து தானா எடுக்கற மாதிரி போட்டுடுங்க.

பார்ட் ஏ, 40 கிரெடிட் இருந்தா சும்மா. 30லேர்ந்து 39ன்னா மாசம் 311 டாலர், 30க்குக் கீழன்னா 565. அப்போ கிரெடிட்டே இல்லாத ஒருத்தருக்கு ஏயும் பியும் சேர்ந்து மாசம் 767.90, அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் 1,535.80 டாலர். இந்த நம்பரை முதல்ல பார்த்தப்போ நானும் என் வீட்டுக்காரரும் ரொம்ப நேரம் பேசாமதான் உக்காந்திருந்தோம். காசு மிச்சம் பண்ணலாம்னு பார்ட் பி மட்டும் எடுக்கறவங்க இருக்காங்க, ரூல்ல இடம் உண்டு, ஆனா அட்மிட் ஆனா ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒண்ணும் இல்லங்கறது மனசுல இருக்கணும், அப்புறம் பார்ட் ஏ வாங்கப் போனா அதுக்கும் பெனால்டி. எனக்கு அந்த ரிஸ்க் சரியாப் படல. வருமானமும் சொத்தும் குறைவா இருக்கறவங்களுக்கு கியூஎம்பின்னு ஒரு திட்டம் இருக்கு, மாநில அரசே ஏ, பி ரெண்டுக்கும் பிரீமியம் கட்டும், மாநிலத்துக்கு மாநிலம் ரூல் மாறும், கேட்டுப் பாருங்க.

பிரீமியம் கட்டியாச்சுன்னா செலவு முடிஞ்சிடல. பார்ட் பில வருஷத்துக்கு முதல் 283 டாலர் நம்ம கையிலேர்ந்து, அப்புறம் மெடிகேர் ஒத்துக்கற தொகையில 20 சதவீதம் நம்மது, இந்த இருபதுக்கு மேல் வரம்பே கிடையாது. பார்ட் ஏல அட்மிட் ஆனா 1,736 டாலர், அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவைன்னு இல்ல, வீட்டுக்கு வந்து 60 நாள் கழிச்சு மறுபடி அட்மிட் ஆனா மறுபடி 1,736. அறுபது நாள் வரைக்கும் வேற இல்ல, 61லேர்ந்து 90ஆம் நாள் வரைக்கும் ஒரு நாளைக்கு 434. மருந்துக்கு மட்டும் நல்ல விஷயம், பார்ட் டில வருஷத்துக்கு 2,100 டாலருக்கு மேல நம்ம கையிலேர்ந்து போகாது, லிஸ்ட்ல இருக்கற மருந்துக்கு, இன்சுலின் மாசம் 35க்கு மேல இல்ல.

பல், கண்ணாடி, காது மிஷின் இதுக்கு ஒரிஜினல் மெடிகேர், அதாவது அரசு நேரடியா குடுக்கற ஏயும் பியும், பொதுவா காசு குடுக்காது. கண்புரை ஆபரேஷனுக்கும் அதுக்கப்புறம் போடற ஒரு ஜோடி கண்ணாடிக்கும் உண்டு. வீட்டுல கூட இருந்து குளிப்பாட்டி சாப்பாடு குடுத்துப் பார்த்துக்க மட்டும் ஒரு ஆள் வேணும்னா அதுக்கும் கிடையாது. இந்தியாவுல போய் உடம்பு சரியில்லாம போனா ஒண்ணும் கிடையாது.

"அட்மிட் ஆனாங்களா, அப்சர்வேஷனா?"

எங்க அம்மா தலைசுத்தி விழுந்து ஆஸ்பத்திரியில ரெண்டு ராத்திரி இருந்தாங்க, பெட், டிரிப்ஸ், நர்ஸ் எல்லாம் அதே மாதிரிதான், அட்மிட்னுதான் நாங்க நெனச்சோம். பேப்பர்ல அப்சர்வேஷன், அதாவது அட்மிட் பண்ணாம கண்காணிப்புல மட்டும் வெச்சிருக்கறது. அப்படின்னா அது பார்ட் பி கணக்கு. அதைவிடப் பெரிய விஷயம், வீட்டுக்கு அனுப்பாம நடை பழக, காயம் ஆற ஒரு நர்சிங் சென்டர்ல இருக்கணும்னா ஒரிஜினல் மெடிகேர்ல அதுக்கு முன்னாடி மூணு நாள் இன்பேஷன்ட்டா, அதாவது முறைப்படி அட்மிட் ஆகி, இருந்திருக்கணும், அப்சர்வேஷன் நாள் அதுல சேராது. சேர்ந்தா முதல் 20 நாள் இலவசம், 21லேர்ந்து 100 வரைக்கும் நாளைக்கு 217 டாலர். அதனால யாராவது ஆஸ்பத்திரியில இருந்தா தினமும் காலையில டாக்டர் வரும்போது "இன்பேஷன்ட்டா, அப்சர்வேஷனா"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. அப்சர்வேஷன்ல 24 மணி நேரத்துக்கு மேல போனா ஒரு நோட்டீஸ் குடுத்தாகணும், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிங்க.

மெடிகேப்பா, அட்வான்டேஜா

ரெண்டுக்குமே ஏ, பி ரெண்டும் இருக்கணும். மெடிகேப்ங்கறது அந்த 20 சதவீதம், 1,736 மாதிரி ஓட்டைகளை அடைக்கற தனி பாலிசி, மாசம் தனியா கட்டணும், பார்ட் டியும் தனியா வாங்கணும், ஆனா நாட்டுல மெடிகேர் எடுத்துக்கற எந்த டாக்டர்கிட்டயும் போகலாம். அட்வான்டேஜ்ல மாசக் காசு குறைவு, நிறைய பிளான்ல பார்ட் பி காசுக்கு மேல எதுவுமே கட்ட வேண்டியிருக்காது, கொஞ்சம் பல் கண் எல்லாம் உண்டு, வருஷத்துக்கு ஒரு உச்ச வரம்பும் உண்டு, 2026ல நெட்வொர்க்குக்குள்ள (பிளானோட ஒப்பந்தத்துல இருக்கற டாக்டர், ஆஸ்பத்திரி) அதிகபட்சம் 9,250 டாலர், ஆனா அவங்க நெட்வொர்க் டாக்டர்தான், பல விஷயத்துக்கு முன்அனுமதி வாங்கணும்.

என் அபிப்ராயம், கட்ட முடிஞ்சா மெடிகேப். காரணம், 65 தாண்டி பார்ட் பி ஆரம்பிச்ச முதல் ஆறு மாசம் எந்த வியாதி இருந்தாலும் மெடிகேப் கம்பெனி மறுக்க முடியாது, விலையும் ஏத்த முடியாது. அந்த ஆறு மாசம் போச்சுன்னா, நியூயார்க், கனெக்டிகட் மாதிரி சில மாநிலம் தவிர, சுகர் இருக்கு ஹார்ட் இருக்குன்னு மறுக்கலாம். மெடிகேப்லேர்ந்து அட்வான்டேஜுக்குப் போறது சுலபம், திரும்பி வர்றதுதான் கஷ்டம். மெடிகேப் பிளானுக்கு எழுத்துல பேர் உண்டு, புதுசா சேர்றவங்க ஜி (G), என் (N) ரெண்டையும் பாருங்க, எஃப் (F) 2020லேர்ந்து புதியவங்களுக்கு இல்ல. ஜியிலயும் என்லயும் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கும் கொஞ்சம் உண்டு, பயணத்தோட முதல் 60 நாளுக்குள்ள, 250 டாலர் போக 80 சதவீதம், ஆயுசுக்கு மொத்தம் 50,000 டாலர் வரைக்கும். சென்னை போய் வர்றவங்களுக்கு இது பெரிய விஷயம். அட்வான்டேஜ் பிளான்ல ஏரியாவை விட்டு ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா பொதுவா பிளான்லேர்ந்தே எடுத்துடுவாங்க, பாதி வருஷம் ஊர்ல இருக்கற அப்பா அம்மாவுக்கு இது சரிப்படாது.

மாத்திரை லிஸ்ட்

பார்ட் டி எடுக்கறதுக்கு முன்னாடி அப்பாவோட மாத்திரை டப்பாவைத் திறந்து, அட்டையில பெரிய எழுத்துல இருக்கற இந்திய பிராண்டை விட்டுட்டு கீழ சின்ன எழுத்துல இருக்கற மருந்துப் பேரை எழுதுங்க: மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், லெவோதைராக்சின், இப்படி, மில்லிகிராமோட. வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின் மாதிரி நம்ம ஊர்ல சாதாரணமா எழுதற சில சுகர் மாத்திரைக்கு இங்க அப்ரூவலே கிடையாது, அதுக்கு பதில் என்னன்னு இங்க இருக்கற டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு மாத்திக்கணும். அப்புறம் மெடிகேர் வெப்சைட்ல பிளான் ஒப்பிடற இடத்துல லிஸ்ட்டைப் போட்டா உங்க ஏரியா பிளான் எல்லாத்துலயும் வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்னு காட்டும், மாசப் பிரீமியத்தைப் பார்க்காதீங்க, அந்த மொத்தத்தைப் பாருங்க.

தனியா பண்ண பயமா இருந்தா ஷிப்னு ஒவ்வொரு மாநிலத்துலயும் இலவச ஆலோசனை இருக்கு, கலிபோர்னியாவுல ஹைகேப்னு பேர், அவங்க எதையும் விக்கறதில்ல, கமிஷன் கிடையாது. 1-800-633-4227 மெடிகேர் நம்பர், அங்கயும் மொழிபெயர்ப்பாளர் உண்டு. ஆனா அவங்களா உங்களைக் கூப்பிட்டு கார்டு நம்பர் கேக்கமாட்டாங்க, அப்படி கூப்பிட்டா ஃபோனை வெச்சிடச் சொல்லி அம்மாகிட்ட தெளிவா சொல்லி வைங்க.

பார்ட் பி ஆரம்பிச்ச முதல் 12 மாசத்துக்குள்ள ஒரு இலவச வெல்கம் விசிட் உண்டு, அதுல மாத்திரை லிஸ்ட், போட வேண்டிய தடுப்பூசி எல்லாம் பேசிடலாம், அதை விட்டுடாதீங்க. அப்புறம் வருஷா வருஷம் செப்டம்பர்ல பிளான்லேர்ந்து அடுத்த வருஷம் என்ன மாறுதுன்னு ஒரு கடிதம் வரும், அக்டோபர் 15லேர்ந்து டிசம்பர் 7க்குள்ள மாத்திக்கலாம். நாங்க தீபாவளி முடிஞ்ச வார இறுதியில அப்பாவோட மாத்திரை லிஸ்ட்டை மறுபடி வெப்சைட்ல போட்டுப் பார்த்துடறோம், அரை மணி நேரம்தான் ஆகுது.